விரட்டிய இறையியலும் புகலிடம் தந்த கண்டியும்

1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், இங்கு வணிகம் செய்துவந்த முஸ்லிம்களை 'மூர்' என்று அழைத்தனர். ஆங்கிலக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகருக்கு இன்றும் அதுவே பெயர். ஐபீரிய மண்ணில் தம் பகைவர்களாகக் கருதிய முஸ்லிம்களுக்கு அவர்கள் இட்ட பெயர் அது. பெயரோடு பகையும் கப்பலேறி வந்தது. அப்பகைக்கு இலக்கானோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர், யூதர்களும்தான் என்பதை நம்மவர் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்கப்பல்களை அனுப்பிய மனுவேல் மன்னனே 1496 டிசம்பரில் யூதர்களும் முஸ்லிம்களும் போர்த்துக்கலை விட்டு வெளியேற வேண்டுமெனக் கட்டளையிட்டவன். மறு ஆண்டே யூதர்களுள் பெரும்பாலோருக்குப் பலவந்தமாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. இவ்வாறு 'புதிய கிறிஸ்தவர்' ஆனோர் கோவாவுக்கு வந்தும் தப்பவில்லை. 1560இல் அங்கே மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இலங்கைக் கறுவாவைப் பற்றியும் எழுதிய புகழ்பெற்ற மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா அத்தகையதொரு குடும்பத்தவர். அவருடைய சகோதரி 1569இல் எரிக்கப்பட்டார். முன்னரே இறந்துவிட்ட மருத்துவரின் எலும்புகளை 1580இல் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

இதன் பின்னணியில் நீண்டதோர் இறையியல் இருந்தது. இஸ்ரவேலரோடு இறைவன் செய்த உடன்படிக்கை முடிந்துவிட்டது. அவர்களுடைய இடத்தைத் திருச்சபை பெற்றுவிட்டது. யூதர் நாடற்று அலைவது அவர்களுக்குரிய தண்டனை என்று பல நூற்றாண்டுகளாகப் போதிக்கப்பட்டது. முதல் வேதக்காரருக்கே இடமில்லையென்றால் ஏனையோருக்கு எங்கே இடம்? கறுவா வணிகப் போட்டியும் சேர்ந்துகொள்ள, 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். மன்னனுக்கு அரசியல் கணக்கும் இருந்தது; எனினும் கதவு திறந்தது.

அதே கதவு பின்னர் கத்தோலிக்கருக்கும் திறந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த காலத்தில், கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தில் முதலில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்று, அம்மை நோயாளருக்குப் பணிசெய்து, 1711இல் கண்டியிலேயே மறைந்தார். விரட்டியவர்களின் சமயத்தாரும் விரட்டப்பட்டவர்களும் ஒரே பௌத்த அரசின் நிழலில் வாழ்ந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

கண்டியை அடுத்த அம்பிட்டியவில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் குருமடமொன்றை நிறுவினார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய சுதேசக் குருமாரை உருவாக்குவது அதன் நோக்கம். அது 1955இல் புனேக்கு இடம்பெயர, அவ்விடத்தில் இலங்கையின் தேசியக் குருமடம் எழுந்தது. உலகெங்குமுள்ள கத்தோலிக்கரின் பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதரை விசுவாசமற்றோர் எனக் குறித்த சொல், 1959இல் இருபத்துமூன்றாம் யோவானால்தான் நீக்கப்பட்டது. யூதர் பற்றிய அறிக்கையொன்றை ஆயத்தம் செய்யவும் அவரே பணித்தார். அது இஸ்ரேலுக்கான அரசியல் ஆதரவாகக் கொள்ளப்படும் என அரபு நாட்டு ஆயர்கள் அஞ்சினர். விவாதம் விரிந்து, 1965 அக்டோபர் 28இல் வெளியான பிரகடனத்தில் முஸ்லிம்கள், பௌத்தர், இந்துக்கள் பற்றியும் மதிப்புடன் பேசப்பட்டது. நம்மைப் பற்றிய திருச்சபையின் புதிய மொழி யூதர் பற்றிய கேள்வியிலிருந்தே பிறந்தது.

வாஸ் அடிகளார் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்ட 2015ஆம் ஆண்டின் டிசம்பரில், யூதரை மதம் மாற்றுவதற்கென அமைப்புரீதியான பணி எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என வத்திக்கான் ஆவணமொன்று கூறியது. அந்தத் தயக்கம் ஏனைய சமயத்தாருக்கும் உரியதா என்பது இன்னும் விடைகாணாத வினா.

நம்மிடமும் ஒரு வினா உண்டு. பலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்ப்பது நம் கடமை. ஆனால் அந்தக் கோபத்தில், ஐரோப்பியத் திருச்சபை யூதர்மீது சுமத்திக் கடைசியில் தானே கைவிட்ட பழிச்சொற்களை நம் மேடைகளும் பத்திரிகைகளும் இரவல் வாங்கலாமா? ஓர்ட்டாவின் எலும்புகளை எரித்ததும், நம் மூதாதையரைக் கரையோரத்திலிருந்து துரத்தியதும் ஒரே நெருப்பு. அஹ்லுல் கிதாப் என்று அழைக்கக் கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். அந்த நெருப்பிலிருந்து நாம் ஒரு கொள்ளியையும் எடுக்கலாகாது.