காபூல் பனியில் சிப்பாயின் கை

"சரித்திரம் படித்தவர் நீங்கள், ஏதாவது எழுதிக் கொடுங்கள், ஆனால் பாடப்புத்தகம் மாதிரி வேண்டாம்" என்று மலர்க் குழு நண்பர்கள் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். முதல் ஆங்கிலோ-ஆப்கான் போரை நாங்கள் பி.ஏ. வகுப்பில் இரண்டே பக்கத்தில் படித்து முடித்தோம். ஆக்லண்ட் பிரபு, தோஸ்த் முகமது, ஷா ஷூஜா, காபூலிலிருந்து பின்வாங்கல். பரீட்சைக்கு அது போதும். அந்த இரண்டு பக்கத்துக்குள் வராத ஒரு சின்னக் கேள்வி என்னை வெகுநாளாக விடவில்லை. கொட்டும் பனியில் நம் நாட்டுச் சிப்பாய் தன் துப்பாக்கியை எப்படிச் சுட்டிருப்பான்?

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வந்து படித்த நண்பர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி தெரிந்திருக்கும். குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, குச்சியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். 1842-ல் கம்பெனிப் படை வைத்திருந்த 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியும் இதே இனம்தான். எடை சுமார் நாலரை கிலோ. மருந்தும் ஈயக்குண்டும் ஒரு காகிதப் பொட்டலத்தில் சுற்றியிருக்கும், அதுதான் தோட்டா. சிப்பாய் அதைப் பையிலிருந்து எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் மருந்தை விசைக்குப் பக்கத்திலிருக்கும் சிறு கிண்ணத்தில் போட்டு மூடி, மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் திணித்து, இரும்புக் கம்பியால் இடித்து, கம்பியைத் திரும்பச் செருகி, பிறகுதான் குறி பார்க்க வேண்டும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பழகிய கைக்கு இத்தனையும் சுமார் இருபது விநாடி வேலை. 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் கலகம் மூண்டதே, அதுவும் இந்தக் 'கடித்துக் கிழிக்கும்' பழக்கத்தால் வந்ததுதான்.

இப்போது குளிருக்கு வருவோம். குளிரில் வெடிமருந்து பற்றாது என்று பலர் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. ஈரம் இல்லாவிட்டால் எந்தக் குளிரிலும் அது வெடிக்கும். அதற்கு எதிரி ஈரம்தான். கிண்ணத்தைத் திறக்கும்போது ஒரு சிட்டிகை பனித்தூள் விழுந்தால் போதும், பொறி பறந்தும் பலன் இருக்காது. குளிர்ந்து கிடந்த துப்பாக்கியை நெருப்பருகே கொண்டுபோனால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி வேர்த்துக் கொட்டும். உள்ளே மருந்து நனைந்துவிடும். சுட்டபின் குழலில் படியும் கரி வறண்ட குளிரில் கெட்டியாக இறுகி, அடுத்த குண்டை உள்ளே இறங்க விடாது. இதற்கெல்லாம்கூடத் தெரிந்தவர்கள் வழி வைத்திருந்தார்கள்: விசைப் பகுதிக்குத் தோலுறை, துப்பாக்கியைச் சூட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது, அடிக்கடி துடைப்பது. ஆனால் மரத்துப்போன விரலுக்கு என்ன வழி? காகிதப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுக்க விரல் மடங்க வேண்டுமே!

1842 ஜனவரி 6-ஆம் தேதி ஜெனரல் எல்பின்ஸ்டன் தலைமையில் காபூலை விட்டுக் கிளம்பிய படையில் சுமார் 4,500 வீரர்கள். அதில் வெள்ளைக்காரர்கள் 700 பேர்தான். மற்ற எல்லாரும் இந்தியச் சிப்பாய்கள். கூடவே சுமார் 12,000 வேலைக்காரர்கள், பெண்கள், குழந்தைகள். போய்ச் சேர வேண்டிய ஜலாலாபாத் சுமார் 145 கிலோமீட்டர் தூரம். சிப்பாய்களில் பெரும்பாலோர் அவத், பீகார் சமவெளிக்காரர்கள். காபூலோ ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரம், தரையெல்லாம் உறைபனி. முதல் நாள் பத்துக் கிலோமீட்டர்கூட நகரவில்லை. மூட்டை முடிச்செல்லாம் வழியிலேயே போச்சு. பெரும்பாலோருக்குக் கூடாரம் இல்லை, விறகு இல்லை, சோறு இல்லை. பனியிலேயே படுத்தார்கள். விடிந்தபோது பலர் எழுந்திருக்கவில்லை. குளிர் தாங்காமல் சிப்பாய்கள் தங்கள் தொப்பியையும் உடுப்பையும் கொளுத்திக் கை காய்ச்சினார்களாம். ஜனவரி 8-ல் குர்து காபூல் கணவாயில் மட்டும் சுமார் 3,000 பேர் மாண்டார்கள். ஜனவரி 10-ல் தங்கி தாரிகி என்ற குறுகலான இடுக்கில் மிச்சமிருந்த சிப்பாய்ப் படையும் சிதறியது. கையும் காலும் பனியில் வெந்துபோன அவர்களுக்கு, தோளில் இருந்த துப்பாக்கி வெறும் பாரமாகிவிட்டது. அதைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

சரி, எதிரியும் அதே குளிரில்தானே நின்றான்? அவன் கையிலிருந்த 'ஜெசயில்' துப்பாக்கியும் வாய்வழி கெட்டிப்பதுதானே? நியாயமான கேள்வி. அவன் கம்பளி உள்பக்கம் இருக்கும்படி தைத்த ஆட்டுத்தோல் அங்கி போட்டிருந்தான். மலைச்சரிவில் பாறை மறைவில் உட்கார்ந்து, நிதானமாகக் கெட்டித்து, நீண்ட குழலைத் தாங்கியில் சாய்த்துச் சுட்டான். பிரவுன் பெஸ் நூறு மீட்டருக்கு மேல் குறி சொல்லாது. ஜெசயில் அதைவிட வெகுதூரம் எட்டும். நிமிஷத்துக்கு மூன்று தடவை சுட வேண்டிய அவசரம் அவனுக்கு இல்லை. கம்பெனிச் சிப்பாயின் போர்முறையோ அந்த வேகத்தையே நம்பியிருந்தது. விரல் விறைத்ததும் வேகம் போச்சு. வேகம் போனதும் எல்லாம் போச்சு.

இதில் என் மனசை அறுக்கிற செய்தி ஒன்று உண்டு. புறப்படும் முன்பே எல்ட்ரட் பாட்டிஞ்சர் என்ற அதிகாரி, பழைய குதிரைக் கம்பளிகளைக் கீற்றாகக் கிழித்து, ஆப்கானியர்கள் சுற்றிக்கொள்வது போலச் சிப்பாய்கள் காலில் சுற்றிக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். மேலிடம் அதை ஏற்கவில்லை. கிழிந்த கம்பளிக்கு என்ன பெரிய செலவு? ஆக, அந்தப் படை தோற்றதற்குக் குளிரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. துப்பாக்கிக்கு மருந்து கொடுத்தவர்கள், அதைப் பிடிக்கிற ஆளுக்கு ஒரு துண்டுக் கம்பளி கொடுக்க யோசித்தார்கள்.

ஜனவரி 13-ல் டாக்டர் பிரைடன் குற்றுயிராக ஜலாலாபாத் போய்ச் சேர்ந்தார். எலிசபெத் பட்லர் 1879-ல் வரைந்த ஓவியம் அவரை உலகப் பிரசித்தம் ஆக்கியது. 'தப்பியவர் அவர் ஒருவரே' என்று இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. அதே 1842 செப்டம்பரில் ஜெனரல் பாலக்கின் படை காபூலுக்குள் நுழைந்தபோது, சுமார் 2,000 சிப்பாய்களும் வேலைக்காரர்களும் அங்கே உயிரோடு இருந்தார்கள். பலர் பனியில் கைகால் விரல்களை இழந்து, தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் ஓவியமாகத் தீட்டவில்லை.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தில் 'படை அழிந்தது' என்று ஒரு வரி வந்தால் அதை மனப்பாடம் பண்ணிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தப் படையில் நின்றவன் எந்த ஊர்க்காரன், காலில் என்ன போட்டிருந்தான், என்ன சாப்பிட்டான், அவன் விரல் மடங்கியதா என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்கள். ஆக்லண்ட் பிரபுவுக்கு மார்க் கிடைக்கும்; ஆனால் அந்தச் சிப்பாயையும் தெரிந்துகொண்டால்தான் சரித்திரம் படித்ததாக அர்த்தம்.