கவலையின் சுவடு

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கண் சிகிச்சை முகாம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். புரை விழுந்த கண்ணைக் காட்ட வந்த முதியவரின் கையில் செவிலி ஒரு துணிப்பட்டையைச் சுற்றுகிறார். "கண்ணு பார்க்கத்தானே வந்தேன் தாயி, கையில எதுக்குப் பட்டை கட்டுற?" என்கிறார் முதியவர். அழுத்தம் மிகுதி என்று பாதரசம் காட்டுகிறது. "எனக்கு ஒரு வலியும் இல்லையே!" என்கிறார். மழை பொய்த்ததும், கடன் ஏறியதும், இரவில் உறக்கம் பிடிக்காததும் அவருக்கு நோயாகத் தோன்றவில்லை.

கண்ணுக்கும் கைப்பட்டைக்கும் கவலைக்கும் என்ன தொடர்பு? இதற்கு விடை காண அறிவியலுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

கண்ணாடிக் குழாயில் ஏறிய இரத்தம்

இரத்தத்தின் அழுத்தத்தை முதலில் அளந்து காட்டியவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண்குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதனுடன் 9 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது! இந்தச் சோதனை 1733-இல் நூலாக வெளிவந்தது.

மனிதனிடம் இதைச் செய்ய முடியுமா? தமனியை வெட்டாமல், கையில் காற்றுப்பட்டை கட்டி அளக்கும் கருவியை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி அமைத்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலி கேட்கும் முறையை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் கண்டார். 120/80 என்று மருத்துவர் எழுதும் இரண்டு எண்களும் இவ்வாறு பிறந்தவையே.

பெருங்கால்வாயும் சிறு மடையும்

மூளையின் எடை உடல் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கூடுவதை 1664-இல் தாமஸ் வில்லிஸ் விளக்கினார்.

மதுரைச் சமவெளியில் வாழ்வோருக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். 1895 முதல் பெரியாற்று நீர் வைகை வழியாக இங்கே வருகிறது. பெருங்கால்வாய், கிளைக்கால்வாய், வாய்க்கால், மடை என்று படிப்படியாகப் பிரியும்போது நீரின் வேகம் தணிகிறது. பெருங்கால்வாயிலேயே நேராக ஒரு சிறு மடையைத் திறந்தால் என்ன ஆகும்? முழு வேகமும் அந்தச் சிறு கரையைத் தாக்கும். மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய தமனிகள் பல, பெரிய தமனியிலிருந்து இப்படித்தான் நேராகப் பிரிகின்றன.

மூளையில் இரத்தம் கசிந்து இறந்தவர்களின் மூளைகளைப் பாரிசில் ஆராய்ந்த ஷார்க்கோவும் புஷாரும், இத்தகைய சிறு தமனிகளில் நுண்ணிய புடைப்புகள் இருந்ததை 1868-இல் தெரிவித்தனர். நெடுநாள் அழுத்தத்தால் குழாய்ச் சுவர் தடித்து அடைபடுவதும் உண்டு என்பது பின்னர் விளங்கிற்று. உடைந்தாலும் அடைத்தாலும் விளைவு ஒன்றே: பக்கவாதம்.

புலி போன பிறகும்

இதில் மனத்தின் பங்கு என்ன? அச்சமும் சினமும் எழும்போது அட்ரினலின் சுரந்து, இதயம் விரைந்து, அழுத்தம் ஏறுவதை அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கானன் 1915-இல் விரிவாக எழுதினார். புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. குளிர், காயம், ஓயாத உழைப்பு என்று துன்பம் எதுவானாலும், எலிகளின் உடல் ஒரே வகையில் எதிர்வினை காட்டுவதை மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே கண்டு 1936-இல் வெளியிட்டார்.

புலி போய்விடும், கடன் போகாது. கவலை நீடிக்கும்போது கார்ட்டிசால் என்னும் ஹார்மோனும் நெடுநாள் மிகுந்திருக்கக்கூடும். இரத்தக் குழாயின் உட்புறச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. இந்த ஆற்றலும் மெல்லக் குறைகிறது. உறக்கம் கெடுகிறது; புகையும் மதுவும் துணைக்கு வருகின்றன. 2010-இல் வெளியான ஆய்வொன்று, இந்தியா உள்ளிட்ட 22 நாடுகளில் பக்கவாதக் காரணங்களை ஆராய்ந்தது. முதலிடம் இரத்த அழுத்தத்திற்கு. மன இறுக்கமும் பட்டியலில் இருந்தது. ஆனால் மன இறுக்கம் ஒன்றே பக்கவாதத்தைத் தந்துவிடும் என்று கொள்ளலாகாது. அது மற்றக் காரணங்களோடு கைகோத்தே வேலை செய்கிறது.

300/190

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1935-இல் 136/78. போர்க்காலம் முழுவதும் அது ஏறிக்கொண்டே போயிற்று. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் "தலை பயங்கரமாக வலிக்கிறது" என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது மருத்துவர் அளந்த அழுத்தம் 300/190. மூளையில் இரத்தக் கசிவால் அன்றே உயிர் நீத்தார். போரின் சுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, அவர் புகைபிடிப்பவரும்கூட. எனினும் வயது ஏறினால் அழுத்தமும் ஏறுவது இயல்பே என்று மருத்துவர் பலர் கருதிய காலம் அது. நல்ல மருந்தும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1949-இல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதி உலகறியச் செய்தார்.

மூளையின் சாளரம்

மூளையின் சிறு தமனிகளை உயிருள்ளவரிடம் நேரில் காண வழியில்லையா? கருவில் மூளையிலிருந்தே முளைப்பது விழித்திரை. அதற்கு இரத்தம் தரும் தமனியும் மூளைக்குச் செல்லும் தமனியின் கிளையே. 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட விழிநோக்கி அந்தச் சாளரத்தைத் திறந்தது. குறுகிய தமனி, அதன் அழுத்தத்தால் நெரிந்த சிரை, இரத்தக் கசிவு ஆகியவற்றைக் கொண்டு நோயாளிகளை நான்கு படிகளாகப் பிரிக்கும் முறை 1939-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. மேல்படியில் இருந்தவர்கள் நெடுநாள் பிழைக்கவில்லை.

இந்த வரலாற்றில் மதுரைக்கும் இடமுண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் இங்கே அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நீரிழிவு பழுதாக்கிய விழித்திரையைக் கணினியே கண்டறியும் முறை 2016-இல் வெளியானபோது, அதற்குப் பயன்பட்ட படங்களில் இம்மருத்துவமனையின் படங்களும் இருந்தன. விழித்திரைப் படத்தைக் கொண்டே ஒருவரின் இரத்த அழுத்தத்தைக் கணினி ஓரளவு மதிப்பிட முடியும் என்று 2018-இல் வேறோர் ஆய்வு காட்டிற்று.

ஒருவர் பட்ட கவலையை அளக்கும் கருவி இன்றும் இல்லை. கவலையும் பிறவும் சேர்ந்து ஏற்றிய அழுத்தம் குழாயில் விட்ட சுவட்டைத்தான் காண முடிகிறது.

முகாமுக்கு வந்த முதியவரிடம் திரும்புவோம். கடனைத் தீர்க்க மருத்துவரால் ஆகாது. ஆனால் அழுத்தத்தைத் தணிக்க மாத்திரை உண்டு. உப்பைக் குறைப்பதும், நடப்பதும், புகையை விடுவதும், மனச்சுமையை ஒருவரிடம் சொல்வதும் உதவும். வலி இல்லை என்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. கரை அரிபடும்போது ஓசை கேட்பதில்லை. உடையும்போதுதான் ஊருக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டுப் பெரியவரின் கையில் பட்டை கட்டி எத்தனை நாள் ஆயிற்று? இன்றே கேளுங்கள்.