கொண்டச்சிச் சலாபத்தின் குறிகள்

மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறையைக் கடந்து மறிச்சுக்கட்டி நோக்கிச் செல்லும் கரையிலே கொண்டச்சி அமைந்துள்ளது. ஆண்டின் பெரும்பகுதியும் மணலும் முட்செடியுமாகக் கிடந்த இக்கடற்கரை, முத்துச் சலாபம் கூடிய சில வாரங்களில் ஓலைக் குடில்கள் நிறைந்த ஒரு நகராக மாறிற்று. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அவ்வாண்டு தொட்டு 1798 வரை ஆண்டுதோறும் இங்கே சலாபம் நடத்தினர். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, மலையாளக் கரை எனப் பல இடத்தவரும் வந்து கூடினர். ஒருவர் மொழி மற்றொருவருக்கு விளங்காத அக்கூட்டத்தில் ஏவலும் அளவையும் விலையும் எக்குறிகளால் நடைபெற்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். இக்காலத்து மாணவர் கணினியின் கட்டளைவரியின் முன் அமர்ந்து, எந்தத் தெரிவை எவ்வாறு இடுவது என்று திகைப்பதைக் காணும் ஆசிரியர்க்கு இவ்வினா பழங்கதையாகத் தோன்றாது.

முதலிற் படகுகளின் குறியைக் காண்போம். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பேசிவல் என்னும் படை அதிகாரி இதனை விரிவாகக் கூறியுள்ளார். இரவு பத்து மணியளவில் அரிப்பிலே பீரங்கி முழங்கும். படகுகள் யாவும் தரைக்காற்றிற் பாய் விரிக்கும். மறுநாள் அவை திரும்பிவரும் தோற்றம் தென்பட்டதும் மீண்டும் பீரங்கி முழங்கும், கொடி ஏறும். இக்குறிகளை எவரும் எவர்க்கும் கற்பிக்க வேண்டியதில்லை. படகொன்றிற் குளிப்பாளர் பதின்மர். ஐவர் ஐவராக மாறி மாறி மூழ்குவர். கல் கட்டிய கயிற்றை வலக்காலின் விரல்களாலும், வலைப்பையை இடக்காலின் விரல்களாலும் பற்றி, இடக்கையால் மூக்கை மூடி, வலக்கையில் வேறொரு கயிற்றைப் பிடித்து இறங்குவான். மூச்சு முட்டும்போது அக்கயிற்றை இழுப்பான். மேலுள்ளோர் அவனைத் தூக்கி எடுப்பர். ஓர் இழுப்பு, ஒரே பொருள். பல குலுக்கல்களுக்குப் பல பொருள் வைத்திருந்தால், கடலடியில் மூச்சடக்கி நிற்பவன் அவற்றை நினைவிற் கொள்வது எங்ஙனம்?

அளவையிலும் இத்தெளிவு காணப்பட்டது. முத்துகளைப் பருமன்வாரியாகப் பிரிக்கப் பித்தளையாற் செய்த பத்துச் சல்லடைகள் வழங்கின. அவற்றின் பெயர்கள் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்பன. இருபது துளையுடையது இருபது, முப்பது துளையுடையது முப்பது. துளை மிகுந்தோறும் அதன் விட்டம் சிறுகும். பெயரை மறந்தவன் துளைகளை எண்ணி அறியலாம்! (ஆயிரத்தை எண்ணுவது ஒரு காலைப்பொழுதைத் தின்னுமாயினும், எண்ண முடியும் என்பதே இங்கு வேண்டுவது.) பொருளின் பெயர் அப்பொருளிலேயே பொறிக்கப்பட்டிருந்தமை இம்முறையின் சிறப்பாகும்.

கணினி வரலாற்றில் இத்தெளிவு காலந்தாழ்த்தே வந்தது. பெல் ஆய்வுகூடத்தில் உருவான யூனிக்ஸ் முறைமையின் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. தொலைத்தட்டச்சுப் பொறியில் மெல்ல எழுத்தடித்த அந்நாளில், தெரிவுகள் இணைகோட்டின் பின் ஒற்றை எழுத்தாய் நின்றன. பழகியவர்க்கு அது விரைவு. புதியவர்க்கோ அடைத்த கதவு. 'ஆர்' என்னும் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையில் அது வரிசையைத் தலைகீழாக்கும்; அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையில் உட்கோப்புறைகள் அனைத்தையும் அழித்துவிடும். ஓரிடத்திற் கற்ற குறியை மற்றோரிடத்திற் கொண்டுசெல்பவன் தன் உழைப்பை இழப்பான். 1983இல் அறிவிக்கப்பட்ட குனூ திட்டத்தார், இரட்டை இணைகோட்டின் பின் முழுச்சொல்லையே தெரிவாக எழுதும் வழக்கைப் பரப்பினர். 'ஹெல்ப்' என்னும் சொல்லை அவ்வாறு இட்டால் கட்டளை தன் தெரிவுகளைத் தானே எடுத்துரைக்க வேண்டும் என்றும் விதித்தனர். துளையை எண்ணிப் பெயரறியும் சல்லடைக்கு நிகரானது இதுவே என்பது என் கருத்து.

எனினும் சலாபத்தின் குறிகள் அனைத்தும் இவ்வாறு திறந்தவை அல்ல. உருட்சியிலும் ஒளியிலும் குறையற்றது ஆணி; ஒன்றிற் சற்றுக் குறைந்தது அனதாரி; மேலும் தாழ்ந்தது கலிப்பு; சல்லடை அனைத்தையும் கடந்து விழுவது தூள். தூள் என்ற சொல் தன்னையே விளக்கும். அனதாரிக்கும் கலிப்புக்கும் எல்லை எங்கே என்பதை வணிகரிடம் பல்லாண்டு பயின்றவனே கூற வல்லான். விலை பேசுவது அதனினும் மறைவானது. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாப் பகுதியின் வைரச் சந்தைகளைக் கண்ட தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர், துணியின் கீழ்க் கைகோத்துப் பேசும் பேரத்தை எழுதியுள்ளார்: முழுக்கையைப் பற்றினால் ஆயிரம், ஒரு விரல் நூறு, பாதி விரல் ஐம்பது. இவ்வழக்கு பாரசீக வளைகுடாவின் முத்து வணிகரிடமும் இருந்தது. அருகில் நிற்பவன் அறியக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

இவ்விருவகைக் குறிகளும் ஒரே நாளில், ஒரே மனிதன்முன் எதிர்ப்பட்ட இடம் ஒன்றுண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சலாப முகாம் மறிச்சுக்கட்டியில் அமைந்தது. படகு கொணர்ந்த சிப்பிகள் கொட்டு எனப்பட்ட வேலியடைப்பினுள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. பிரித்தவர் குளிப்பாளர், அவர்க்குரிய ஒன்றைச் சுட்டியவர் அரசாங்க அலுவலர். எக்குவியல் தமக்கு வாய்க்கும் என்பதை அறியாமையால் பிரிப்பவர் மூன்றையும் ஒப்பவே பிரிப்பர். எழுத்தறியாதவனும் அம்முறையின் நேர்மையைக் கண்ணாற் காணலாம்.

அரசாங்கத்தின் இரு பங்கும் ஆயிரம் ஆயிரமாக ஏலத்திற் போயின. குளிப்பாளன் தன் பங்கைச் சுமந்து கொட்டின் வாயிலைக் கடந்ததும், சிப்பி வாங்குவோர் அவனைச் சூழ்ந்தனர். பிளவாத சிப்பியை அவன் அங்கேயே விற்றான். அதனுள் இருந்தது ஆணியா, தூளா என்பதைப் பின்னர் அறிந்தவர் வாங்கியவரே.