செப்பேட்டில் தங்காத மெட்டு

மனத்தில் உதித்த மெட்டைக் கைப்பேசியில் முணுமுணுத்து எம்பி3 கோப்பாகச் சுருக்கி வைப்பது இன்று ஒரு நிமிட வேலை. செவி பொருட்படுத்தாத ஒலிகளையே அக்கோப்பு கழிக்கிறது, மெட்டு பிழைத்துக்கொள்கிறது.

அன்றைய சித்தூர் மாவட்டத்துத் திருமலையில், சங்கீர்த்தன பண்டாரத்திலிருந்து 1920களில் வெளிப்பட்ட செப்பேடுகளின் நிலை இதற்கு நேர்மாறானது. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியர் (1408–1503), அவர்தம் மகன், பெயரன் ஆகியோரின் பாடல்களைத் தாங்கிய இவ்வேடுகள் 2,000க்கும் மேற்பட்டவை. பாடல்தோறும் இராகத்தின் பெயர் உண்டு. மெட்டைக் காட்டும் சுரக்குறிப்பு இல்லை. சுரத்தை எழுதும் முறை அறியப்படாததன்று; 7ஆம் நூற்றாண்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டே அதற்குச் சான்று. செம்பு அரியது, பொறிப்பது மெதுவானது. மெட்டைப் பாடகர் மரபு காக்கும் என்று பொறித்தோர் நம்பியிருக்கலாம். மரபு காக்கவில்லை.

ஆகவே 20ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் புதிதாக மெட்டமைத்தனர். இன்று அன்னமாச்சாரியர் இசையென நாம் கேட்பதில் பெரும்பகுதி அவர்களுடையது. (இசைத்தட்டு உறைகள் இதை எப்போதும் சொல்வதில்லை.) ஏட்டிலுள்ள இராகப் பெயரும் முழுத்துணையன்று: சில இராகங்கள் வழக்கொழிந்தன, எஞ்சியவை ஐந்நூறு ஆண்டுகளில் உருமாறாதிருந்தன என்று கொள்வதற்கில்லை.