அடுக்களையும் அங்காடியும்

நாம் குடியேறி வாழும் பெங்களூர் நகரின் பெயருக்கு ஒரு கதை வழங்குகின்றது. ஹொய்சள மன்னன் இரண்டாம் வீரவல்லாளன் வேட்டைக்கு வந்து காட்டில் வழி தவறிப் பசியால் வாடினான். குடிசையில் தனித்திருந்த மூதாட்டி ஒருத்தி, தன்னிடம் இருந்த வெந்த அவரைக் கொட்டைகளை அவனுக்கு ஈந்தாள். அதனால் இவ்விடம் ‘பெந்தகாளூரு’ எனப் பெயர் பெற்றுப் பின்னர் பெங்களூரு ஆயிற்று என்பர். வரலாறு இக்கதையை ஏற்பதில்லை. வல்லாளன் 1173 முதல் 1220 வரை அரசாண்டவன். பேகூரில் உள்ள கி.பி. 890 அளவிலான நடுகல் கல்வெட்டோ, அவனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்னரே ‘பெங்களூரு’ என்னும் பெயரைக் குறிக்கின்றது. ஆயினும், தம் ஊரின் பெயருக்கு ஒரு மூதாட்டி வீட்டு அடுப்பைக் காரணமாகச் சொல்லி மகிழ்ந்த மக்களின் உள்ளம் போற்றத்தக்கதன்றோ?

அந்த நகரிலேதான் இன்று அடுப்பு மூட்டாமலே மூன்று வேளையும் உண்ணும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. ஜீவனஹள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, இதில் நாம் இழந்தது என்ன, மீட்கக் கூடியது என்ன என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அங்காடி உணவின் தொன்மை

விலைக்கு வாங்கி உண்பது நேற்றுத் தோன்றிய வழக்கம் என்று கருதுவோர் உளர். அது பிழை. மதுரைக் காஞ்சி அந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகின்றது. சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் காழியர், கூவியர் என்போரைக் குறிப்பிடுகின்றது; அவர்கள் முறையே பிட்டு வணிகரும் அப்ப வணிகரும் ஆவர் என உரையாசிரியர் விளக்குவர். சிவபெருமான் மண் சுமந்ததாகக் கூறும் திருவிளையாடலில் வரும் வந்தியம்மையும் பிட்டு அவித்து விற்று வாழ்ந்தவளே. உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற இறைவன் இசைந்தான் என்று பாடிய தமிழர், அங்காடி உணவை இழிவாக எண்ணியிருக்க இயலாது.

ஆனால் ஒன்று கருதத்தக்கது. வந்தி விற்ற பிட்டும் வீட்டில் அவித்த பிட்டும் ஒரே மாவால் ஆனவை. ஒரே ஆவியில் வெந்தவை. அக்காலத்தில் அடுக்களைக்கும் அங்காடிக்கும் இடையே இருந்தது தெருவின் தொலைவு மட்டுமே. பண்டத்தின் இயல்பில் பெரும் வேறுபாடு தோன்றியது நெடுங்காலத்திற்குப் பின்னரே.

பாளையத்துத் தமிழர்

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்தனர். அதனைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தினின்று படைவீரரும், வணிகரும், கொத்தரும், தோட்டத் தொழிலாளரும், பணியாட்களும் திரளாக வந்தனர். 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து இருப்புப் பாதை அமைந்தபின் வருகை மேலும் எளிதாயிற்று. 1898ஆம் ஆண்டின் பிளேக் கொடுமைக்குப் பின் நெருக்கம் தவிர்க்கப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. பிரேசர் டவுன் அவ்வாறு தோன்றியதே. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் ஆகியவற்றை அடுத்து, பெங்களூர் கிழக்கு இரயில் நிலையத்திற்கு அருகில் விளங்கும் நமது ஜீவனஹள்ளியும் இத்தொடர்ச்சியில் வளர்ந்த பகுதியாகும்.

வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் தம்முடன் கொணர்ந்த செல்வங்களுள் ஒன்று கேழ்வரகுக் களி. வந்த இடத்திலும் அதுவே ‘ராகி முத்தே’ என்னும் பெயருடன் அவர்களை வரவேற்றது. மொழி வேறுபட்ட இடத்திலும் வட்டிலில் இருந்த உருண்டை ஒன்றே! கன்னடரும் தமிழரும் முதன்முதல் உறவு கொண்டாடியது இவ்வுருண்டையினாலேயே எனினும் மிகையாகாது.

கேழ்வரகின் பெருமை

கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் தோன்றிய இத்தானியம் பண்டு தொட்டே இந்நாட்டில் வேரூன்றியது. கன்னடப் பக்திக் கவிஞரான கனகதாசர் 16ஆம் நூற்றாண்டில் ‘ராமதான்ய சரிதெ’ என்னும் நூலை இயற்றினார். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் எழுந்த வழக்கு இராமபிரான் முன் வருகின்றது. இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் இடுமாறு அவர் பணிக்கின்றார். காலம் முடிந்து திறந்து பார்க்கையில் நெல் கெட்டுப்போயிருந்தது, கேழ்வரகு கெடாதிருந்தது. மகிழ்ந்த இராகவன் அதற்குத் தன் பெயரையே சூட்டினான் என்பது கதை. செல்வர் உணவாகிய நெல்லினும் எளியோர் உணவு தாழ்ந்ததன்று என்பதே கவிஞரின் கருத்து.

இக்கால அறிவியலும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்துகின்றது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணச் சத்து ஏறத்தாழ 340 மில்லிகிராம் உள்ளது. தீட்டிய பச்சரிசியிலோ ஏறத்தாழ 10 மில்லிகிராம் மட்டுமே. ‘ராகி லட்சுமணய்யா’ என மக்கள் அழைத்த கருநாடக அறிவியலாளர், இந்திய வகைகளையும் ஆப்பிரிக்க வகைகளையும் கலந்து ‘இண்டாப்’ என்னும் உயர் விளைச்சல் வகைகளை உருவாக்கி உழவர்க்கு அளித்தார்.

இத்துணைச் சிறப்புடைய தானியத்தை நாம் என் செய்தோம்? கையில் நாலு காசு சேர்ந்ததும், களி கூலிக்காரன் உணவு என்று ஒதுக்கினோம். வெண்சோறே உயர்வின் அடையாளம் என்று கொண்டோம். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நம் பாட்டியர் திரிகையில் அரைத்த அதே மாவு வண்ணப் பொட்டலத்தில் புகுந்து பன்மடங்கு விலையில் நம்மிடமே திரும்பி வந்தது.

குன்னூர் காட்டிய பாடம்

‘வீட்டில் சமைத்தது யாவும் நல்லுணவே’ என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. நீலகிரியில் உள்ள குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1920களில் ஒரு சோதனை நடத்தினார். இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை இளம் எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியன அடங்கிய பஞ்சாப்பு உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலையும் காய்கறியையும் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்து கடைநிலையில் நின்றன. அந்த உணவு கடைப் பண்டமன்று. நம் வீட்டு உணவே!

அதே சமயம், நம் முன்னோர் கைமுறைகளில் அறிவு பொதிந்திருந்ததையும் ஆய்வாளர் கண்டனர். ஆலையில் தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்ட இடங்களில் ‘பெரிபெரி’ நோய் வாட்டியது; புழுங்கலரிசி உண்டோரை அது பெரும்பாலும் அணுகவில்லை. நெல்லை அவிக்கும்போது உமியிலும் தவிட்டிலும் உள்ள உயிர்ச்சத்து அரிசியினுள் புகுவதே காரணம். குன்னூரில் தொடங்கிய அவ்வாய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

ஆகவே, சமைத்த இடத்தை மட்டும் கொண்டு உணவை மதித்தல் ஆகாது. என்ன தானியம், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு என்பனவே நோக்கத்தக்கன. வீட்டு அடுக்களையின் உண்மையான மேன்மை, அவ்வளவுகளை நிருணயிக்கும் கரண்டி நம் கையிலேயே இருக்கின்றது என்பதுதான்.

உடுப்பி விடுதி முதல் தரிசினி வரை

பெங்களூரின் விடுதி உணவு பிறந்த காரணம் தேவையேயன்றி ஆடம்பரமன்று. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த குமாஸ்தாவுக்கும் மாணாக்கனுக்கும் உணவளித்தவர்கள் தென் கன்னடத்து விடுதிக்காரர்கள். மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய விடுதியே பிற்காலத்தில் ‘மாவள்ளி டிபன் ரூம்’ எனப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையைக் கொண்டு இட்லி வார்த்து, ரவா இட்லியைப் படைத்தவர்கள் தாங்களே என அவ்விடுதியார் கூறுவர்.

1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும் 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும் எழுந்தன. நம் பகுதித் தமிழர் பலர் முறை மாற்றி இரவு பகலாக உழைத்தனர். 250 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலைகளில் சிற்றுண்டிச் சாலை அமைய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகை செய்தது. 1980களில் ஜயநகரில் தோன்றிய ‘தரிசினி’ முறை, மேசையும் நாற்காலியும் பரிசாரகரும் இன்றி, நின்றவாறே மலிவாக உண்டு செல்ல வழி காட்டியது. 2017இல் தொடங்கிய இந்திரா உணவகங்களில் ஐந்து ரூபாய்க்குச் சிற்றுண்டி கிடைத்தது. உழைப்பாளியின் பசியாற்றும் இவற்றைப் பழிப்பது அறமாகாது. இங்கெல்லாம் விரைவு இருந்தது. எனினும் வட்டிலில் இருந்தது நாம் அறிந்த இட்லியும் சோறுமே.

பொரித்த பண்டத்தின் வருகை

1995இல் இந்தியாவின் முதல் கெண்டக்கி கோழிக்கறிக் கடை நமது பிரிகேடு சாலையில் திறக்கப்பட்டது. உணவில் சேர்க்கும் சுவையூட்டி உப்பு அளவுக்கு மிஞ்சியதாகக் கூறி மாநகராட்சி உரிமத்தை நீக்கியது. உயர் நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தியது. 1996 சனவரி 30ஆம் நாள், பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையில் இயங்கிய கருநாடக உழவர் சங்கத்தினர் கடையைத் தாக்கினர். கல்லெறிதல் வழியாகாது. கடை நிலைத்தது, பிறவும் தொடர்ந்தன, எதிர்ப்பு ஓய்ந்தது. நாவின் பழக்கத்தைக் கல்லால் மாற்ற முடியாது என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.

குறை மேல்நாட்டுக் கடைகளுக்கு மட்டும் உரியதன்று. மாலை வேளையில் தெருமுனை வண்டியில் செக்கச் சிவந்து மின்னும் கோபி மஞ்சூரியனை நம் பிள்ளைகள் அறிவர். 2024 மார்ச்சில் கருநாடக அரசு அதன் 171 மாதிரிகளைச் சோதித்ததில் 107 மாதிரிகளில் தீங்கான செயற்கை நிறங்கள் காணப்பட்டன. அரசு அந்நிறங்களுக்குத் தடை விதித்தது.

பொட்டலம் அடுக்களைக்குள் நுழைந்தது

1975இன் நெருக்கடி நிலைக் காலத்தில் விடுதி உணவின் விலையை அரசு குறைத்து நிருணயித்தது. நட்டம் தாங்காமல் மாவள்ளி விடுதி மூடப்பட, அதன் உரிமையாளர் ஆயத்த மாவுப் பொட்டலங்களை விற்கத் தலைப்பட்டனர். 1983இல் ‘இரண்டு நிமிட’ நூடுல்ஸ் இந்நாட்டிற்கு வந்தது. 2005இல் இந்நகரிலேயே ஒரு நிறுவனம் இட்லி மாவைப் பையில் அடைத்து விற்கத் தொடங்கியது. 2014இல் இங்கே தோன்றிய ஸ்விகி, அலைபேசியைத் தொட்டால் வாயிற்படிக்கே உணவைக் கொணர்ந்தது. இவ்வாறு அங்காடி படிப்படியாக அடுக்களைக்குள்ளேயே குடி புகுந்தது.

விளைவு யாது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தார் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் நீரிழிவு உற்றோர் 10.1 கோடி, அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி. நாட்டின் நோய்ச் சுமையில் 56.4 விழுக்காடு தவறான உணவினால் விளைவது என 2024இல் வெளியான உணவு வழிகாட்டி கூறுகின்றது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பதும் அதன் அறிவுரை. விலைக்கு வாங்கும் பண்டத்தில் உப்பு எவ்வளவு என்பதை நாவால் அளந்துகொள்ளல் எளிதோ? முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டுவதில்லை என்று ‘மருந்து’ அதிகாரத்தில் உரைத்த வள்ளுவர் வாக்கை நாம் மேடையில் முழங்குகின்றோம், உண்ணும்போது மறக்கின்றோம்.

சுமை யாருடையது?

‘பெண்கள் சமைப்பதை விட்டனர், அதனால் நோய் வந்தது’ என்று எளிதில் பழி சுமத்துவோர் உளர். இது அறமும் அன்று, வரலாறும் அன்று. ஆட்டுக்கல்லையும் அம்மியையும் உரலையும் விடியுமுன் இழுத்தவர் நம் அன்னையர். கோவையில் உருவான மின் கிரைண்டர் அக்கைகளுக்குச் சற்று ஓய்வு தந்தது. இன்று நம் இல்லத்துப் பெண்மக்கள் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் ஆடை ஆலையிலும் ஆடவரோடு ஒப்ப உழைக்கின்றனர். மாலையில் இருவரும் ஒருங்கே வீடு திரும்ப, ஒருவர் மட்டும் அடுப்படிக்குச் செல்லுதல் எவ்வகை நீதி? அவர் சோர்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் குற்றம் அவருடையதோ?

மேலே கூறிய வரலாற்றை மீண்டும் நோக்குக. மையா சகோதரர்களும், உடுப்பி விடுதிகளின் சமையற்காரர்களும், நம் திருமண விருந்துகளைச் சமைக்கும் தவசிப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஆடவரே. ஊருக்கெல்லாம் சமைக்கத் தெரிந்த ஆண் கைக்கு, தன் வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாமற் போவது எங்ஙனம்? கூலிக்குச் செய்தால் கலை, வீட்டில் செய்தால் பெண் வேலை என்னும் பிரிவினை ஒழியாதவரை, வீட்டு உணவை மீட்பது வெறும் பேச்சாகவே முடியும்.

நாம் செய்யத்தக்கவை

கடையுணவை அறவே விலக்குதல் இந்நகர வாழ்வில் இயலாது, வேண்டுவதும் இல்லை. வாரத்தில் சில நாட்களேனும் அரிசியின் இடத்தில் கேழ்வரகோ தினையோ சாமையோ இடம் பெறட்டும். சனிக்கிழமை மாலையில் தந்தையும் மைந்தரும் மாவரைத்தால் அடுத்த சில நாட்களுக்குக் காலை உணவு ஆயத்தம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், சோறு வடிக்கவும் குழம்பு கூட்டவும் கற்கட்டும். தனித்து வாழும் முதியோர்க்கும் இரவுப் பணியினர்க்கும் அண்டை வீட்டார் ஒரு கிண்ணம் கூடுதலாகச் சமைத்தல் நம் குடியிருப்பின் வழக்கமாகட்டும்.

தாய்மொழியைக் காக்கவே அயலூரில் சங்கம் அமைத்தோம். அம்மொழியின் சொற்கள் பல அடுக்களையிலே வாழ்கின்றன. துழாவுதல், தாளித்தல், வடித்தல், மசித்தல், கிண்டுதல், வதக்குதல் ஆகிய சொற்களைப் பொட்டலத்தைப் பிரிக்கும் பிள்ளை எங்கே கற்கும்? ஆகவே, வரும் ஆண்டு விழாவில் ஆடவரும் சிறுவரும் மட்டுமே கலந்துகொள்ளும் சமையற் போட்டி ஒன்றைச் சங்கம் நடத்துமாயின், அது உடலுக்கும் மொழிக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும். களி கிண்டும் துடுப்பை நம் இளைஞர் கையில் ஏந்தட்டும். தாய்மார்கள் நடுவராக அமர்ந்து சுவை கூறட்டும்!