ஃபியூஸ் ஏன் போகவில்லை?

மக்களே, கொஞ்சம் நீளமான இழை இது. பட்டறை, குடோன், ஷெட் எங்கேயாவது பெரிய எலக்ட்ரிக் ஹீட்டர் வைத்து வேலை பார்க்கிறவர்கள் கடைசி வரை படிச்சிடுங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு அடைமழைக் காலம். கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி. டி-ஷர்ட் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. 22 வயது. மழையில் பிரிண்ட் காயவில்லை என்று, சக்கரம் வைத்த ஒரு ப்ளோயர் ஹீட்டரை ஓடும்போதே பிடித்து நகர்த்தியிருக்கிறான். ஈரத் தரை, காலில் செருப்பு இல்லை. முக்கால் மணி நேரம் சிபிஆர் கொடுத்தோம். இதயம் திரும்பவே இல்லை.

கூட வந்தவர் திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்றைச் சொல்லிட்டு இருந்தார். "கரண்ட்டா இருக்காது சார். ஃபியூஸ் போகவே இல்ல. ஹீட்டர் ஓடிட்டேதான் இருந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. ஃபியூஸ் போகாதுதான். ஏன் போகாது என்பதற்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருஷ வரலாறு இருக்கு.

முதலில் ஹீட்டர். கம்பியில் கரண்ட் பாய்ந்தால் சூடாகும் என்று 1840-களிலேயே ஜூல் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் கம்பிதான் கிடைக்கவில்லை. இரும்பு துருவேறி அறுந்துவிடும். பிளாட்டினம் தாங்கும், ஆனா யார் வாங்குறது? 1906-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். நிக்ரோம். சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் மேலே ஒரு ஆக்சைடு படலம் உருவாகி உள்ளே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளும். இன்றைக்கும் டோஸ்டரில் இருந்து பட்டறை ஹீட்டர் வரை பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்தக் குடும்பத்துக் கம்பிதான்.

ஹீட்டர் வந்தபோது ஃபியூஸ் ஏற்கெனவே இருந்தது. எடிசன் காலத்து சமாச்சாரம் அது. அதோட வேலை ஒன்றே ஒன்று: வயர் தாங்காத அளவு கரண்ட் போனால், வயர் எரிவதற்கு முன் தான் எரிந்துவிடுவது. எம்சிபி செய்வதும் அதே வேலைதான். வயரைக் காப்பாற்றும். உங்களை அல்ல.

கணக்கைப் பாருங்க. 4 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 17 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 20 ஆம்பியர் பிரேக்கர் போடுவார்கள். 20 ஆம்பியர் என்றால் 20,000 மில்லி ஆம்பியர். ஈரமான உடம்பின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடம்பு வழியாகப் போவது சுமார் 230 மில்லி ஆம்பியர். பிரேக்கருக்கு இது கொசுக்கடி. இதயத்துக்கோ இதில் பாதி, அதுவும் ஒன்றிரண்டு நொடி போதும். துடிப்பு குலைந்து வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்போம்.

"ஷாக் அடிச்சா கையை எடுத்துடலாமே?" முடியாது. இதை அளந்து சொன்னவர் சார்லஸ் டால்சியல், பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரிகல் பேராசிரியர். தன்னார்வலர்கள் கையில் செம்புக் கம்பியைக் கொடுத்து, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவுக்கு மேல் விரலை விரிக்க முடியவில்லை என்று பார்த்தார். 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5. விரலை மடக்கும் தசை, விரிக்கும் தசையைவிட வலுவானது. கரண்ட் இரண்டையும் சேர்த்துச் சுருக்கும்போது மடக்குவது ஜெயிக்கும். பிடித்த கை பிடித்தபடியே இருக்கும். இன்றைய எதிக்ஸ் கமிட்டி இந்த ஆய்வுக்கு லேசில் கையெழுத்துப் போடுமா என்பது வேறு கதை. ஆனால் அந்த 162 பேர் கொடுத்த எண்கள்தான் இன்றுவரை நமக்குக் காவல்.

எண் கிடைத்தது. கருவி எங்கே பிறந்தது? தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில். ஈரம், இருட்டு, இழுத்துக்கொண்டே திரியும் கேபிள்கள். நம்ம பட்டறை மாதிரியேதான். ஹென்ரி ரூபின் என்ற இன்ஜினியர் 1955-ல் 250 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைச் செய்தார். அதற்கு முன் இருந்தவை விழ 10 ஆம்பியர் அளவுக்குக் கசிய வேண்டும்! ஆனால் 250 கூட மனிதனுக்கு அதிகம். அடுத்த வருஷமே 20-க்கும் கீழே விழும் மாதிரியை உருவாக்கினார். பிறகு ஸ்டில்ஃபோன்டைன் என்ற சுரங்க ஊரில் ஒரு பெண் வீட்டிலேயே ஷாக் அடித்து இறந்துபோனார். அதன் பின்தான் 1957, 58-ல் அந்த ஊர் வீடுகளில் சில நூறு கருவிகளைப் பொருத்தினார்கள். 1961-ல் டால்சியலும் தன் பங்குக்கு அமெரிக்காவில் 5 மில்லி ஆம்பியருக்கே விழும் ஒன்றை உருவாக்கினார்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. பள்ளிக்கூட டூர் பஸ் மாதிரி. போகும்போது 40 பிள்ளைகள், திரும்பும்போது 39 என்றால் வண்டி நகரக் கூடாது. ஒரு வயரில் போன கரண்ட் அடுத்த வயரில் முழுசாகத் திரும்பி வரணும். குறைந்தால் வேறு வழியாக, ஒருவேளை யாரோ ஒருவர் உடம்பு வழியாகவே, தரைக்குப் போகிறது என்று அர்த்தம். கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். நம்ம ஊரில் ஆர்சிசிபி என்கிறோம், பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்கள். ஆளைக் காக்கப் போடுவது 30 மில்லி ஆம்பியர் அளவு. (இரண்டு வயரையும் இரண்டு கையில் பிடித்தால் இதுவும் காப்பாற்றாது. போனதும் வந்ததும் சரியாகத்தானே இருக்கும்!)

சரி, அந்தப் பட்டறையில் இது இல்லையா? இருந்தது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மழை வந்தா சும்மா சும்மா விழுந்துட்டே இருந்துச்சு டாக்டர். வேலை நிக்குதேன்னு அதை விட்டுட்டு நேரா கனெக்‌ஷன் கொடுத்துட்டோம்." ஹீட்டர் பிளக்கில் எர்த் வயர் கழன்று கிடந்ததும் பிறகுதான் தெரிந்தது.

அது சும்மா விழவில்லை. இந்த வகை ஹீட்டர்கள் பலவற்றில் நிக்ரோம் சுருள் ஒரு உலோகக் குழாய்க்குள் இருக்கும். சுருள் குழாயைத் தொடாமல் இருக்கச் சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். சூட்டைக் கடத்தும், கரண்ட்டைக் கடத்தாது. ஆனால் உப்பு ஜாடி மாதிரி, ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்துவிட்டு முதல் மழையில் ஆன் செய்தால் குழாய்க்குக் கரண்ட் கசியும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு எர்த் வழியாகப் போகும், ஆர்சிசிபி விழும். எர்த்தும் இல்லை, ஆர்சிசிபியும் இல்லை என்றால், முதலில் தொடுகிறவன்தான் எர்த்.

அதனால் சீசனில் முதல் முறை ஆன் செய்வதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. இன்சுலேஷன் குறைவாக இருந்தால் எலிமெண்ட்டை உலர்த்திவிட்டுத்தான் ஓட்டணும். ஹீட்டருக்குத் தனி லைன், அதன் ஆம்பியருக்கு ஏற்ற வயர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். வேறு வழியே இல்லாமல் கேபிள் ரீல் போட்டால் முழுசாகப் பிரித்துப் போடுங்க. சுருட்டி வைத்த ரீல் தானே ஒரு ஹீட்டர் ஆகிடும். தின்னர், பெயிண்ட் வாடை இருக்கும் இடத்தில் சாதாரண ஹீட்டர் கூடவே கூடாது. நிறுத்தும்போது முதலில் ஹீட்டை அணைத்து, சில நிமிஷம் காற்றாடியை மட்டும் ஓடவிட்டு ஆறவிடுங்க. நகர்த்தணும்னா பிளக்கைப் பிடுங்கிவிட்டு நகர்த்துங்க. அந்தப் பையன் இதைச் செய்திருந்தால்... விடுங்க.

இன்னொன்று, கனடா, லண்டன் என்று குளிர் ஊரில் இருக்கும் நம்ம பிள்ளைகளுக்கு. 2022 ஜனவரி 9, நியூயார்க் பிராங்க்ஸில் 19 மாடிக் குடியிருப்பு. ஒரு வீட்டில் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த சின்ன எலக்ட்ரிக் ஹீட்டரில் தீ. தீ என்னவோ அந்த வீட்டையும் வெளி வராந்தாவையும் பெரிதாகத் தாண்டவில்லை. ஆனால் தானாக மூட வேண்டிய கதவுகள் மூடவில்லை. புகை மாடி மாடியாக ஏறியது. 17 பேர் இறந்தார்கள், 8 பேர் குழந்தைகள். எல்லோரும் புகையால். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தூங்காதீங்க, துணி காயப் போடாதீங்க, சுற்றிலும் ஒரு மீட்டராவது காலியாக விடுங்க. தீ என்றால் வெளியே ஓடும்போது கதவைச் சாத்திவிட்டு ஓடுங்க.

இப்போ ஒரு வேலை. உங்க மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபியில் 'டி' எழுத்துப் போட்ட ஒரு சின்ன பொத்தான் இருக்கும். போய் அமுக்குங்க. டப்பென்று விழணும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒன்று போர்டிலேயே இல்லை என்றாலோ, நாளைக்குக் காலையிலேயே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்க.