கருத்தடையும் மாதர் நலமும்

நல்லூரைத் தலைநகராகக் கொண்டு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள், செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறி மாறித் தரித்தவர்கள். அப்பெயர்களைத் தாங்கிய மருத்துவ நூல்கள் இரண்டு உண்டு. அவற்றுட் பரராசசேகரம் மிக விரிந்தது. கருப்ப நோய்களையும் குழந்தை நோய்களையும் தனித்தனியே எடுத்துப் பேசுவது. பெண்ணின் உடல் நோவை வாய்விட்டுக் கூறத்தகாத பொருளென ஒதுக்காது, செய்யுளில் அமைத்து மாணாக்கருக்குப் போதித்த மரபு இது. ஆயினும் பிற்காலத்தில் ‘கருத்தடை’ என்னும் சொல் வந்து சேர்ந்தபோது, பிள்ளைத்தொகையைக் குறைக்கும் ஏற்பாடு என்ற அளவிலேயே அது பலர் செவியிற் பட்டது. அதன் மறுபக்கத்தை அறிந்தவர் சிலரே.

நல்லூருக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ளது இணுவில். அங்கே அமெரிக்க மிசனார் தொடங்க முனைந்த மகளிர் மருத்துவப் பணிக்காக 1896ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வந்தவர் மேரி ஏர்வின் என்னும் இளம் மருத்துவர். இலங்கைத் தமிழர் ஒருவரை அவர் மணந்தமையால் மிசனாரோடு கொண்ட தொடர்பு அறுந்தது. இணுவில் இழந்தவரைக் கொழும்பு பெற்றது. மேரி இரத்தினம் என்ற பெயரோடு கொழும்பிலே பெண்களுக்கு வைத்தியம் பார்த்த அவர், 1937இல் அங்கே கருத்தடை ஆலோசனை நிலையம் தோன்றுவதற்கும் முன்னின்றார். 1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

அவர் கண்ட காட்சி எளிதானதன்று. 1930களில் இலங்கையில் ஆயிரம் பேறுகளுக்கு ஏறத்தாழ இருபது தாய்மார் மாண்டனர். 1950 அளவில் அத்தொகை ஆறுக்கும் கீழே இறங்கிற்று. இவ்வீழ்ச்சியைக் கருத்தடையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. பயிற்சிபெற்ற மருத்துவமாதரும், மலேரியா ஒழிப்பும், புதிய மருந்துகளுமே அதனைச் சாதித்தன. எனினும், ஒரு பேற்றில் இழந்த இரத்தம் ஊறுமுன்னே மறு பேற்றுக்கு ஆளாகும் தாயின் சோகையை மருந்துப் போத்தல் மட்டும் தீர்த்துவிடாது. இடைவெளியும் அவளுக்கு ஒரு மருந்து. 1953இல் குடும்பத் திட்டச் சங்கத்தை நிறுவியவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர்.

குளிசையின் வரலாறு இதனினும் சுவையானது. யாழ்ப்பாணத்தார் கூழாகக் காய்ச்சி விரும்பியுண்ணும் இராசவள்ளிக் கிழங்குக்கு மெக்சிக்கோ நாட்டிலே காட்டு உறவினம் ஒன்று உண்டு. அதிலிருந்து பெற்ற சத்தைக் கொண்டு 1940களில் இரசல் மார்க்கர் என்னும் இரசாயனர் புரொசெசுத்திரோன் என்ற பெண் ஓமோனைப் பெருமளவில் ஆக்கினார். (இராசவள்ளி உண்பதால் அப்பயன் கிட்டுமென எவரும் எண்ண வேண்டாம், ஆய்வுகூடத்திலே பல படிகள் கடந்த பின்னரே அது ஓமோனாகும்.) அவ்வழியில் எழுந்த ஆராய்ச்சியின் பயனாக, 1957இல் ‘எனோவிட்’ என்னும் குளிசையை அமெரிக்க அரசு அனுமதித்தது. எதற்காக? மாதவிடாய்க் கோளாறுகளைத் தீர்ப்பதற்காக. கருத்தடைக்கென அதே குளிசை அனுமதி பெற்றது 1960இலேதான். இடைப்பட்ட காலத்தில் இலட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்கள் தமக்கு மாதவிடாய்க் கோளாறு என்று கூறி அதனை வாங்கினர். அங்கே நோயின் பெயரால் கருத்தடை நடந்தது. இங்கோ கருத்தடை என்னும் பெயருக்கு அஞ்சி நோயைச் சுமப்பவர் உளர்.

1960களில் இக்குளிசையை இலங்கைப் பெண்களிடையே ஆராய்ந்தவர் பெண்நோய் மருத்துவர் சிவா சின்னத்தம்பி அம்மையார். குடும்பத் திட்டச் சங்கத்தின் மருத்துவப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அன்றைய குளிசை வீரியம் மிக்கது. முதல் எனோவிட்டில் ஈத்திரோசன் வகை ஓமோன் 150 மைக்கிரோகிராம் இருந்தது. இன்றைய குளிசைகளிற் பெரும்பாலும் 20 முதல் 35 வரையே.

அது நோயைத் தணிக்கும் வகை இதுவே: மாதந்தோறும் கருப்பையின் உட்சவ்வு தடித்து வளர்ந்து பின் கழிகின்றது. குளிசை அச்சவ்வை மெல்லியதாக்கும். ஆகவே போக்கு குறையும், வலி தணியும், இரும்புச்சத்து உடலில் தங்கும். கருப்பையினுள் வைக்கும் ஓமோன் சாதனமும் பெரும்போக்குக்கு நல்ல மருந்தென இன்று வழங்கப்படுகிறது. குளிசை சூலகத்துக்கும் ஓய்வளிக்கிறது. பிரித்தானியக் குடும்ப மருத்துவர்கள் 1968இல் ஏறக்குறைய 46,000 பெண்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வு நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. குளிசை உட்கொண்டவர்களுக்குச் சூலகப் புற்றுநோயும் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்ததை அது காட்டிற்று.

தீமையே இல்லையெனச் சொல்லிவிட முடியாது. குருதி உறைந்து நாளத்தை அடைக்கும் அபாயம் சிலருக்குண்டு. மார்புப் புற்றுநோய் அபாயமும், உட்கொள்ளும் காலத்தில் சிறிதளவு மிகும். முப்பத்தைந்து வயதைக் கடந்து புகைப்பிடிப்போரும், உயர் இரத்த அழுத்தமுடையோரும், ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் ஒளிக்கீற்றுத் தோன்றுவோரும் இக்கலவைக் குளிசையைத் தவிர்த்தல் வேண்டும். மருத்துவர் இவற்றைக் கேட்டறிந்த பின்னரே எழுதிக் கொடுப்பர்.

மணமாகாத மகளுக்கு மாதந்தோறும் தாளாத வலியும் பெரும்போக்கும் கண்டு மருத்துவர் இக்குளிசையை எழுதினால், தாய் திகைப்பது இயல்பு. அத்திகைப்பிலே சீட்டைக் கிழித்தெறிந்தால், மறுமாதமும் அப்பெண் பாடசாலைக்குப் போகாமற் பாயிலே கிடப்பாள். 1957இல் முதன்முதலாக இம்மருந்தைப் பெற உரிமை கொண்டவள் அத்தகையவளே.